இரண்டாவது சீசருக்குத் திகதி தந்துவிட்டார்கள், எப்படி ஆயத்தமாவது?

களுவாஞ்சிகுடித் தங்கை:
வணக்கம் அக்காமாரே. எனக்கு 37 கிழமை முடிகிறது. மூத்தவன் அவசரச் சீசரில், அதுதான் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுக்கிற ஒப்பரேஷனில், பிறந்தவன். நோவோடு தியேட்டருக்குக் கொண்டுபோனதால் ஒன்றும் சரியாக நினைவில்லை. இந்த முறை 39 கிழமையில் செய்வதாகக் கிளினிக்கில் திகதி போட்டுத் தந்திருக்கிறார்கள். நாள் தெரிந்திருப்பதே பயமாக இருக்கிறது. முதுகில் போடும் ஊசியை நினைத்தால் நித்திரை வருவதில்லை. கனக்கத் தண்ணீர் குடித்தால் தையல் சீழ் பிடிக்கும் என்று மாமி சொல்கிறா. மூத்தவனுக்கு மூன்று வயது, இடுப்பை விட்டு இறங்கமாட்டான். அவனை எவ்வளவு காலம் தூக்காமல் இருக்க வேண்டும்?

தம்பிலுவில் அக்கா:
தங்கச்சி, எனக்கு இரண்டும் சீசர்தான், இரண்டாவது திகதி வைத்துச் செய்தது. முதலில் ஊசி. மேசையில் இருத்தி, நாடியை நெஞ்சில் வைத்து, இறால் மாதிரி முதுகை வளைக்கச் சொல்வார்கள். அந்த நேரம் அசையாமல் இருந்தால் போதும். கொஞ்சத்தில் கால் சூடாகி மரத்துவிடும். மறுகா நெஞ்சுக்கு மேலே துணித் திரை கட்டுவார்கள். வயிற்றுக்குள் இழுப்பதும் அமுக்குவதும் தெரியும், நோகாது. எனக்குப் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் வந்தது. அது வழமைதான், பயப்படாதேங்கோ. ஓங்காளம் வந்தால் உடனே சொல்லுங்கள், மருந்து போடுவார்கள்.

முதல்நாள் வீட்டில் சவரம் செய்யாதேங்கோ. பிளேட் கீறலால் கிருமி போகும், தேவையென்றால் அவர்களே செய்வார்கள். நகப்பூச்சை அழித்து, தாலிக்கொடி, மூக்குத்தி எல்லாம் கழற்றி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கோ. சாப்பாடு குறைந்தது 6 மணித்தியாலத்துக்கு முன்பே நிற்க வேண்டும். தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று வாட்டில் சொல்வதைக் கேளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: நோவைப் பல்லைக் கடித்துப் பொறுக்காதேங்கோ. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் வாய் திறக்காமல் கிடந்தால்தான் கெட்டிக்காரி என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நோகிறவள் எழும்பமாட்டாள். எழும்பாமல் கிடந்தால் காலில் இரத்தம் கட்டும் ஆபத்து இருக்கிறது, பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் கஷ்டம். விறைப்பு விடும்போதே "மிஸ், நோகுது" என்று கேளுங்கள். பனடோலும் பின்வழியாக வைக்கும் மாத்திரையும் தருவார்கள். பால் கொடுக்கிற தாய்க்குப் பொருந்துவதைத்தான் தருவார்கள். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எழும்பும்போது நேரே நிமிராதேங்கோ. முழங்காலை மடக்கி, ஒருபக்கம் சரிந்து, காலைக் கீழே விட்டு, முழங்கையை ஊன்றி எழும்ப வேண்டும். இருமல் வந்தால் மடித்த சேலையைத் தையலின் மேல் அழுத்திப் பிடியுங்கள். மாமி சொல்வதற்கு மாறாக, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். குடிக்காவிட்டால் சலம் கடுக்கும், மலம் இறுகும், முக்கினால் தையல்தான் இழுக்கும். மிளகு, சீரகம், உள்ளி போட்டு அரைத்த சரக்குக் கறியும் பால்சுறாவும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அதில் மாமியோடு சண்டை வேண்டாம்.

மூத்தவனை ஆறு கிழமை தூக்காதேங்கோ. கைக்குழந்தையை விடப் பாரமான எதையும் தூக்கக்கூடாது. நீங்கள் கட்டிலில் இருந்துகொண்டு, பக்கத்தில் ஒரு தலையணையை வைத்து அவனை ஏறி வரச் சொல்லுங்கள். இப்போதிருந்தே பழக்கினால், தம்பியோ தங்கச்சியோ வந்ததால் அம்மா விலக்கிவிட்டா என்று நினைக்கமாட்டான்.

சம்மாந்துறை ராத்தா:
தம்பிலுவில் அக்கா சொன்னது சரி. எங்கட வீட்டில் நாற்பதாம் நாள் வரை உம்மாதான் சமைத்தா, அந்த உதவி பெரிய பாக்கியம். வேது தண்ணீரில் (இலைகள் அவித்த வெந்நீரில்) குளிக்கலாமா என்று வீட்டுக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள். எனக்கு வெந்நீரைத் தோளில் ஊற்று, தையலில் ஓங்கி ஊற்றாதே, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்து என்றா. இலையோ மஞ்சளோ தையலில் பூச வேண்டாம். சாம்பிராணிப் புகையையும் பிள்ளைக்குப் பக்கத்தில் போடாதீங்க, பிஞ்சு நெஞ்சு தாங்காது.

களுவாஞ்சிகுடித் தங்கை:
மனது கொஞ்சம் இறங்கினது. திகதிக்கு முன்பே நோவு வந்தால் என்ன செய்வது? வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கண்டால் பயப்பட வேண்டும்?

தம்பிலுவில் அக்கா:
நோவு வந்தாலோ நீர்க்குடம் உடைந்தாலோ திகதியைப் பார்த்துக் கொண்டிருக்காதேங்கோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பழைய தையல் இருக்கிற வயிறு. ஓட்டோ கிடைக்காவிட்டால் 1990க்கு போன் எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கிளினிக் அட்டையைப் பையில் இப்போதே வையுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், தையல் சிவந்து வீங்குவது, நீர் வடிவது, நாறும் தீட்டு, இதில் எது வந்தாலும் அன்றைக்கே காட்டுங்கள். ஒரு மணித்தியாலத்தில் தீட்டுத் துவாய் நனையும் அளவுக்கு இரத்தம் போனாலும், தாங்க முடியாத தலையிடி வந்தாலும், ஒரு காலின் கெண்டை மட்டும் வீங்கி நொந்தாலும், மூச்சு முட்டினாலும் இரவென்று பார்க்காமல் வெளிக்கிடுங்கள். இதை உங்கட அவருக்கும் வாசித்துக் காட்டுங்கோ.