400-ஆ, 800-ஆ? எட்டுப் பேர் கூட்டில் நடக்கும் ஃபெசன்ட் வேட்டை

கரிசல்காடு:
இங்கிலாந்தில் வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ராப்ஷைரில் 120 ஹெக்டேர் மேட்டுநிலம். அதில் 14 ஹெக்டேர் துண்டு துண்டான மரக்காடு. வேட்டை உரிமை மட்டும் குத்தகைக்கு, எட்டுப் பேர் கூட்டு. இதுவரை வருடம் 400 ஃபெசன்ட் (கோழி இனத்து வேட்டைப் பறவை) குஞ்சு விட்டார்கள். ஒரு டிரைவில், அதாவது ஒரு சுற்றில், நான்கு பேர் துப்பாக்கியோடு நிற்க, மற்ற நான்கு பேர் நாய்களோடு காட்டைத் தட்டிப் பறவைகளை அவர்கள் தலைக்கு மேல் பறக்க விடுவார்கள். அடுத்த டிரைவில் இடம் மாறிக்கொள்வார்கள். இனி 800 குஞ்சு, எட்டுத் துப்பாக்கியும் வரிசையில், காட்டைத் தட்டக் கூலி ஆட்கள், பருவத்தில் 8 நாள் என்று ஒரு யோசனை. குஞ்சு விடும் பட்டி 0.4 ஹெக்டேர், பழைய ஓக் காட்டுக்குள். நல்லதா, கெட்டதா?

வேலிக்கால்:
கெட்டது. முதலில் பட்டியைப் பாருங்கள். 0.4 ஹெக்டேரில் 800 என்றால் ஹெக்டேருக்கு 2,000. வேட்டைப் பறவை ஆய்வு அமைப்புகள் பொதுவாகச் சொல்லும் உச்சம் 1,000, பழைய இயற்கைக் காட்டில் 700. அந்த அளவுப்படி பார்த்தால் இந்தப் பட்டிக்கு 400-கூட அதிகம்தான், 280 தான் சரி. மீறினால் தரைச்செடி எல்லாம் போய் வெறும் சேறு மிஞ்சும். அந்தச் சேற்றில் காக்சிடியா என்ற குடல்நோய்க் கிருமி பெருகும். மண்புழுக்குள் மூச்சுக்குழாய்ப் புழுவின் குட்டிகள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதனால் அதே இடத்தில் பட்டி போடப் போட இருமல் கூடிக்கொண்டே போகும். வாயைத் திறந்து கழுத்தை நீட்டிச் சளி தெறிக்கிற மாதிரி தலையை உதறும் பறவை என்றால் அந்தப் புழுதான். மருந்து கலந்த தீவனம் 7 நாள் கொடுத்தால் அடங்கும், ஆனால் மண் சுத்தமாகாது.

கணக்கன்:
பட்டி சின்னது என்றால் பெரிதாக்குவதுதானே? 400 விட்டால் 40 சதவீதம் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 160 பறவை. 8 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 20, ஐந்து டிரைவ் என்றால் டிரைவுக்கு நான்கு. எட்டுப் பேர் குளிரில் நின்று பார்க்க நான்கு பறவையா? இதற்கு டிரைவ் என்று பெயர் எதற்கு, நாயோடு வேலியோரம் நடந்து சுட்டுவிட்டுப் போகலாம்.

வேலிக்கால்:
சுட்டு விழுந்ததை மட்டும் எண்ணுகிறீர்கள் சார். எழும்பும் பறவை அதைப்போல் பல மடங்கு. சில பக்கவாட்டில் போகும், சில வரிசைக்கு எட்டாத உயரம், சில தப்பும். விழுகிற ஒரு பறவைக்கு மூன்று நான்கு தோட்டா செலவாவது சகஜம். தப்பியது இரண்டு வாரம் கழித்து அதே காட்டிலிருந்து மறுபடி எழும்பும். 400 பறவை உள்ள இடத்தில் ஒரு டிரைவில் 30 எழும்பினால் நின்றவர் எல்லோருக்கும் வேலை இருக்கும்.

பணக் கணக்கும் போடுங்கள். குஞ்சு 5 பவுண்டு என்று கொள்வோம், கூடுதல் 400-க்கு 2,000. நூறு பறவைக்குப் பருவம் முழுக்க ஒரு டன் கோதுமை என்பது கைக்கணக்கு. நான்கு டன், டன் 200 என்றால் 800. பத்து ஆட்கள், தலைக்கு 35, எட்டு நாள், 2,800. மொத்தம் 5,600 பவுண்டு, கூட்டாளி ஒருவருக்கு 700. இதற்குக் கூடுதலாகக் கிடைப்பது 160 பறவை, ஒன்று 35 பவுண்டு! ஆங்கிலேயரின் பழைய கேலி ஒன்று உண்டு: எழும்பும்போது ஒரு கினி, வெடிக்கும்போது ஒன்றரைப் பென்னி, விழும்போது அரைக் கிரவுன். எல்லாம் பழைய காசு: வளர்க்க ஆன செலவு பெரிது, விழுந்த பறவையின் விலை சிறிது.

கணக்கன்:
குத்தகை, பட்டிக் கம்பி, காப்பீடு, காவலர் படி எல்லாம் 400-க்கும் 800-க்கும் ஒன்றுதான், அதை உங்கள் கணக்கில் காணோம். இன்னொன்று. காட்டைத் தட்ட நான்கு பேர்தான் என்றால் 60 மீட்டர் அகலமுள்ள காட்டில் ஆளுக்கு 15 மீட்டர் இடைவெளி. ஃபெசன்ட் பறக்கிற பறவை இல்லை, ஓடுகிற பறவை. அந்த இடைவெளியில் குனிந்து பின்னால் ஓடிவிடும். பக்கத்தில் வழி அடைக்க நிற்க ஆளே மிச்சம் இல்லை. 400-ல் 160 வருவதே சந்தேகம்.

தூறல்:
இந்த இடத்தில் கணக்கன் சொல்வது சரி. ஆனால் அதற்கு மருந்து கூடுதலாக 400 குஞ்சு அல்ல, தட்டுவதற்கு ஆறு ஆட்கள்.

டிரைவ் கெடுவது பெரும்பாலும் கடைசி 30 மீட்டரில். தட்டி வந்தவர்கள் வேகம் குறைக்காமல் காட்டு விளிம்புக்கு வந்தால், ஓடிவந்து குவிந்த பறவை எல்லாம் ஒரே வெடியாக எழும்பும். எட்டுப் பேரும் இரண்டு தோட்டாவைச் சுட்டுவிட்டு மறுபடி நிரப்புவதற்குள் ஐம்பது பறவை போய்விடும். ஆகவே விளிம்புக்குள்ளே 25 மீட்டர் தள்ளி முழங்கால் உயரத்துக்கு ஒரு கயிறு, அரை மீட்டருக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு தொங்கவிட்டு. ஒருவர் நுனியில் உட்கார்ந்து இழுத்து இழுத்து ஆட்டினால் பறவை அதைத் தாண்டி ஓடாது, அங்கேயே எழும்பும். எழும்பும் இடத்துக்கு மேலே மரக்கூரையில் வான இடைவெளி வேண்டும். விளிம்பு சுவர் மாதிரி நிற்காமல் புதர், சிறுமரம், பெருமரம் என்று படிப்படியாக ஏறினால் பறவை சிரமமில்லாமல் உயரம் எடுக்கும். தட்டுபவர்கள் இங்கே நிற்க வேண்டும். இரண்டு மூன்றாக எழும்பவிட்டு, துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தபின் ஒரு அடி. நாய் அவிழ்த்துவிட்டிருந்தால் இது எதுவும் நடக்காது, இந்த 30 மீட்டருக்குக் கயிற்றில் கட்டுங்கள்.

வரிசை: துப்பாக்கிக்காரர் நிற்கும் இடத்துக்கு எண் போட்ட முளை, முளைக்கு முளை 35 முதல் 40 மீட்டர். டிரைவ் முடிய ஒவ்வொருவரும் இரண்டு எண் தள்ளி நிற்பது. எட்டு முளைக்கு 245 முதல் 280 மீட்டர் அகலம் வேண்டும். கரிசல்காடு சொன்ன துண்டுக் காடுகளில் பாதிக்கு அந்த அகலத்தில் பறவை வராது, ஓரத்து மூன்று பேர் சும்மா நிற்பார்கள். நான்கு பேர் நிற்பது அந்த நிலத்துக்குப் பொருத்தம்.

கரிசல்காடு:
நாட்களைப் பற்றி? 8 நாள் முடியுமா?

தூறல்:
சட்டப்படி இங்கிலாந்தில் ஃபெசன்ட் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. ஞாயிறும் கிறிஸ்துமஸும் கூடாது. மே மாதம் பொரித்த பறவை நவம்பருக்கு முன்னால் ஒழுங்காகப் பறக்காது. நவம்பர் 1 முதல் என்றால் 93 நாள். ஒரு காட்டைத் தட்டினால் இரண்டு வாரம் விட வேண்டும், இல்லாவிட்டால் பறவை பக்கத்து நிலத்துக்குக் குடிபோகும். ஆக முழு நிலத்தையும் ஏழு முறைதான் தட்டலாம். எட்டாவது நாள் வேண்டுமென்றால் ஜனவரியில் வேலியோரம், ஓடைக்கரை மட்டும், சேவல் மட்டும்.

நாணல்:
எல்லோரும் எண்ணிக்கையைப் பற்றியே பேசுகிறீர்கள். பிரிட்டனில் வருடா வருடம் கோடிக்கணக்கில் விடப்படும் வெளிநாட்டுப் பறவை இது. 2021 முதல் இங்கிலாந்தில் ஐரோப்பிய அளவில் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் விட உரிமம் வேண்டும் என்று ஆனதே, சும்மாவா? 2022-ல் பிரான்ஸில் பறவைக் காய்ச்சல் வந்து முட்டையும் குஞ்சும் வராமல் எத்தனையோ பேர் நாட்களை ரத்து செய்தார்கள். கப்பல் ஏறி வரும் குஞ்சை நம்பி நடக்கும் பொழுதுபோக்கு இது. ஒன்றும் விடாமல், பறவை ஒளிந்து தங்க மறைவுப்பயிர் போட்டு, இருக்கும் காட்டுப் பறவையை வைத்து இரண்டு நாள் நடத்தினால் போதாதா?

வேலிக்கால்:
120 ஹெக்டேர் மேட்டுநிலத்தில் தானே இனப்பெருக்கம் செய்யும் ஃபெசன்ட் எட்டுப் பேருக்கு இரண்டு நாள்கூடத் தாங்காது. குஞ்சுகளுக்கு முதல் வாரங்களில் பூச்சி வேண்டும், புல்வெளி ஆட்டு நிலத்தில் அது குறைவு. ஆனால் மறைவுப்பயிர் பற்றிச் சொன்னது சரி. மே மாதம் மக்காச்சோளம், ஜூனில் பக்கத்திலேயே கேல் (முட்டைக்கோஸ் இனக் கீரை). சோளம் டிசம்பர் காற்றில் சாய்ந்தபின் கேல்தான் நிற்கும். அகலம் 30 மீட்டருக்குக் குறைந்தால் உள்ளே காற்று புகும், பறவை தங்காது.

கணக்கன்:
நாணலின் வாதத்தில் ஒரு ஓட்டை. பறவை விடுகிறவர்கள்தான் அந்தக் காட்டையும் வேலியையும் கவனிக்கிறார்கள். ஜனவரியோடு தீவன டிரம்மைத் தூக்காமல் மே வரை கோதுமை போட்டால் அதில் பாதி யெல்லோஹாமர், ஃபிஞ்ச் போன்ற சிறு காட்டுக் குருவிகளுக்குப் போகிறது.

நாணல்:
மீதிப் பாதி எலிக்கும் அணிலுக்கும். மே வரை போடுகிறவர்கள் எத்தனை பேர்? பிப்ரவரி 2-ம் தேதி டிரம்மைக் கழற்றுகிறவர்கள்தான் அதிகம். விடப்பட்ட பறவையில் பத்தில் ஆறு பங்கு சுடப்படவும் இல்லை. நரிக்கும் சாலைக்கும் பட்டினிக்கும் போகிறது. 800 விட்டால் 480 அப்படி.

வேலிக்கால்:
அதனால்தான் 800 வேண்டாம் என்கிறேன். சுடப்படாத ஆறு பங்கைக் குறைப்பது பட்டியில் தொடங்குகிறது. ஏழு வாரக் குஞ்சு, ஒரு பக்கச் சிறகின் பெரிய இறகுகளை மட்டும் வெட்டியது. மூன்று நான்கு வாரத்தில் புது இறகு வளர்ந்து தானே வெளியே பறக்கும். கம்பி வலை இரண்டு மீட்டர் உயரம், அடி 30 செ.மீ. வெளிப்புறமாக மடித்துப் புதைத்தது, அரை மீட்டர் தள்ளி இரண்டு வரி மின்கம்பி. வெளியே போன குஞ்சு இரவு திரும்ப வலை ஓரமாக நடக்கும். 50 மீட்டருக்கு ஒரு புனல் வாசல், அதில் 9 செ.மீ. இடைவெளிக் கம்பிகள், நரி நுழையாது. உள்ளே மூன்றில் ஒரு பங்கு வெயில் படும் திறந்தவெளி. மழையில் நனைந்த குஞ்சு காய இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் சாகிறது. ஈரவானிலையில் குஞ்சைப் பட்டியில் விட வேண்டாம், விற்பவர் அவசரப்படுத்தினாலும்.

தூறல்:
ஒன்றை யாரும் தொடவில்லை, தோட்டா. ஈய ரவையைத் தடை செய்வதாக 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்தது, மூன்றாண்டு அவகாசத்தோடு. எஃகு ஈயத்தைவிட லேசு, வேகம் சீக்கிரம் குறையும். ஈயத்தில் 6-ம் எண் ரவை போட்டவர் எஃகில் 4-க்கோ 3-க்கோ போக வேண்டும் (எண் குறையக் குறைய ரவை பெரிது). சாதாரண எஃகுத் தோட்டாவில் 35 மீட்டருக்கு மேல் சுடாதீர்கள். பழைய துப்பாக்கி என்றால் குழல்வாய் நெருக்கத்தைத் துப்பாக்கித் தச்சரிடம் அளந்துவிட்டுப் போடுங்கள். 800 பறவையை உயரமாகப் பறக்க விட்டு எஃகில் காயப்படுத்துவதைவிட, 400-ஐ 30 மீட்டரில் சுத்தமாக எடுப்பது மேல்.

கணக்கன்:
600, ஆறு தட்டும் ஆட்கள், பட்டி இரண்டு இடத்தில். இதற்குக் கீழே நான் இறங்கமாட்டேன்.

வேலிக்கால்:
இரண்டாவது பட்டி ஓக் காட்டுக்கு வெளியே, ஊசியிலைத் தோப்பில், 0.35 ஹெக்டேர் என்றால் அங்கே 320. ஓக் காட்டில் 280. சரியாக 600. ஆனால் சுட்ட பறவைக்கு வாங்க ஆள் முன்கூட்டியே உண்டா? 600-ல் 40 சதவீதம் 240, ஏழு நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 34 பறவை; அன்றே 4 டிகிரிக் குளிர் அறையில் இரண்டிரண்டாக, ஒன்றையொன்று தொடாமல் தொங்க வேண்டும். எட்டு வீடு ஆளுக்கு இரண்டு எடுத்தால் மீதி 18. அதற்கு வியாபாரி இல்லையென்றால் 400-ஐத் தாண்டாதீர்கள்.

கரிசல்காடு:
வியாபாரி 20 கி.மீ. தூரத்தில் இருக்கிறார், 40 பறவைக்குக் குறைந்தால் வண்டி அனுப்பமாட்டாராம்.

வேலிக்கால்:
இரண்டு வேட்டை நாள் சேர்த்தாலும் மிஞ்சுவது 36தான், 40 ஆகாது. அப்படியென்றால் வண்டியை நீங்களே ஓட்டிக் கொண்டுபோய்க் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். குஞ்சுக்கு முன்பணம் கட்டுவது அதற்குப் பிறகு.