மறு: மறு: ஹெல்த் சிஸ்டம்ஸ் சயன்ஸ் – தமிழில் என்ன?

பொரளை:
அன்பர்களே, மருத்துவபீடப் பாடத்திட்டச் சுருக்கம் மும்மொழியிலும் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிங்களம் முடிந்துவிட்டது, தமிழ் என் தலையில். அதில் வரும் ஹெல்த் சிஸ்டம்ஸ் சயன்ஸை, மருத்துவக் கல்வியில் அடிப்படை விஞ்ஞானம், கிளினிக்கல் விஞ்ஞானம் இரண்டுக்கும் பக்கத்தில் மூன்றாவது தூண் என்கிறார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2013இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தத்தோடு வளர்ந்த துறை. நோயாளர் பாதுகாப்பு, தர மேம்பாடு, குழுவாக வேலைசெய்தல், செலவு எல்லாம் இதற்குள் வரும். ‘சுகாதாரத் தொகுதி விஞ்ஞானம்’ சரியா?

வெள்ளவத்தை:
சமிபாட்டுத் தொகுதி, நரம்புத் தொகுதி படித்த பிள்ளைகள் இதையும் வயிற்றுக்குள் தேடுவார்கள். ‘முறைமை’ போடுங்கள். விஞ்ஞானம் வடசொல், அறிவியல் என்றே எழுதுவோம்.

பொரளை:
சுகாதாரமும் வடசொல்தானே ஐயா? அமைச்சின் பெயர்ப்பலகையையும் மாற்றுவோமா?

தெகிவளை:
வள்ளுவரிடமே இருக்கிறது. உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான். மருத்துவன் நாலில் ஒருவன்தான்! ஆகவே ‘நாற்கூற்றியல்’. உழைச்செல்வான் என்றால் உழைப்பவன், அதாவது இன்றைய தாதி.

கொட்டாஞ்சேனை:
அந்த ‘உழை’க்கும் உழைப்புக்கும் தொடர்பில்லை. இடப்பொருள் உருபு, நன்னூலில் ஏழாம் வேற்றுமைப் பட்டியலைப் பாருங்கள். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்த கிறீன் வைத்தியர்கூட வடசொல்லைத் தள்ளிவைக்கவில்லை.

தெகிவளை:
உருபு என்றாலும் பக்கத்தில் நிற்பவன் என்ற பொருள் போகாது. ‘உழையர்’ என்ற சொல்லையும் யோசியுங்கள்.

கல்கிசை:
நான் வார்டில் நிற்பவள். நீரிழிவு நோயாளி வீட்டுக்குப் போகும்போது மருந்தை மாற்றி, டயக்னோசிஸ் காட் என்ற நோய்விபர அட்டையில் எழுதிக் கொடுக்கிறோம். அவர் காட்டை அலுமாரியில் வைத்துவிட்டு, கிளினிக் கொப்பியை மட்டும் கொண்டுபோகிறார். அங்கே பழைய மருந்தே தொடர்கிறது. இரண்டு டொக்டருக்கும் மருந்து தெரியும். காட்டுக்கும் கொப்பிக்கும் நடுவில்தான் பிழை. அந்த நடுவைப் படிப்பதுதான் இந்தப் பாடம். ‘நாற்கூற்றியல்’ என்றால் மாணவர் சித்த வைத்தியம் என்று நினைப்பார்கள். ‘முறைமை’ எனக்குப் போதும்.

பொரளை:
நன்றி அக்கா. ‘சுகாதார முறைமை விஞ்ஞானம்’ என்று அனுப்புகிறேன். மூன்று பேர் சரி என்று தனியாக எழுதினார்கள், ஒருவர் “எதையாவது போடு தம்பி” என்றார்.

வெள்ளவத்தை:
விஞ்ஞானத்துக்கு என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது.

தெகிவளை:
உழையருக்குத் தனி இழை தொடங்குகிறேன்.