சித்தியிடம் எதைக் கேட்பது: டியோரிசிமோவா, ஷனெல் நம்பர் 19ஆ?

கொக்குவில்_மல்லிகை
வாற மாதம் டொராண்டோவிலிருந்து சித்தி வருகிறா. சென்ட் ஒன்று வாங்கி வருவாவாம், பெயரைச் சொல்லட்டாம். டியோரிசிமோ, ஷனெல் நம்பர் 19 இரண்டிலும் மனம் நிற்கிறது. இரண்டுமே பச்சையும் பூவும் கலந்த பழைய மணங்கள். சாம்பிள் குப்பிகள் கையில் இருக்கின்றன. கந்தோருக்கும் போட வேண்டும், கலியாண வீட்டுக்கும் போட வேண்டும். எங்கட வெயிலையும் யோசித்துச் சொல்லுங்கள்.

திண்ணைவேலியான்
டியோரிசிமோ. 1956இல் எத்மோன் ருத்னிஸ்கா செய்தது. மியூகே என்ற அந்தக் குட்டி வெள்ளைப் பூவிலிருந்து வாசனை எண்ணெய் எடுக்க வராது. மனிசன் செடியைத் தன் தோட்டத்தில் நட்டு, மணந்து மணந்து பார்த்து, வேறு பொருட்களால் அந்த மணத்தைக் கட்டியெழுப்பினார். இதற்கு மேல் என்ன வேணும்?

பருத்தித்துறை_அக்கா
கதை நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனால் கலியாண வீட்டில் தங்கச்சியின் தலையில் மல்லிகைச் சரம் இருக்குமே. டியோரிசிமோவிலும் மல்லிகை உண்டு. உண்மைப் பூவுக்குப் பக்கத்தில் அது எடுபடாது.

நம்பர் 19இல் முதலில் எழும்புவது கல்பானம். ஈரான் பக்கத்துப் பிசின், பெருங்காயச் செடிக்குச் சொந்தக்காரச் செடி ஒன்றிலிருந்து வருவது. பயப்படாதீர்கள், ரசம் மணக்காது! பச்சைப் பயற்றங்காயை முறித்த மணம். அப்புறம் ஐரிஸ் கிழங்கு வரும். அதைப் பிடுங்கி வருடக்கணக்கில் காயவிட்டால்தான் மணமே பிடிக்கும். அந்தப் பவுடர் வாசத்துக்கு நான் அடிமை.

திண்ணைவேலியான்
பயற்றங்காய் மணக்கச் சந்தைக்குப் போனால் போதும் அக்கா, காசும் மிச்சம். அதோடு நம்பர் 19 பிரம்போடு நிற்கிற அதிபர் மாதிரி. ஒரு சிரிப்பு இல்லை.

பருத்தித்துறை_அக்கா
ஏன் சிரிக்க வேணும்? 19 என்பது கோகோ ஷனெல் பிறந்த திகதி, 1883 ஆகஸ்ட் 19. அது வந்த காலத்தில் அவவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அந்த வயதில் ஆருக்குப் பல்லைக் காட்டுவது?

லண்டன்_பெறாமகன்
சண்டைக்கு நடுவில் ஒன்று. மியூகே மணம் செய்ய உதவிய லிலியால் என்ற இரசாயனப் பொருளை 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. பழைய குப்பியின் நினைவில் டியோரிசிமோ வாங்கினால் ஏமாறலாம்.

கொக்குவில்_மல்லிகை
நேற்று இடக்கையில் டியோரிசிமோ, வலக்கையில் 19. உச்சி வெயிலில் சைக்கிளில் டவுனுக்குப் போனேன். படலையடியில் டியோரிசிமோ ஆளையே தூக்கியது, உண்மையைச் சொல்ல வேணும். டவுனில் இறங்கும்போது வெறும் சவர்க்கார வாசம். 19இன் பச்சை அதற்கும் முன்னமே போய்விட்டது, ஆனால் ஐரிஸ் பொழுதுபடும் வரை கையில் கிடந்தது. சித்திக்கு 19 என்று மெசேஜ் போட்டாச்சு.

திண்ணைவேலியான்
சரி, தோல்விதான். அம்மாவிடம் மணக்கக் கொடுத்தீர்களா?

கொக்குவில்_மல்லிகை
கொடுக்கவில்லை. பூசிக்கொண்டு குசினிப் பக்கம் போனேன். "ஆரடி பயற்றங்காய் முறிச்சது?" என்று கேட்டா.