‘அப்பத்தா வீடு’ குழு: அம்மா சீனாவுல சாப்பிட்ட கதை

*செவ்வாய், குவாங்சோ*

கனி (இரவு 8:12): எல்லாரும் நல்லபடியா வந்து சேந்துட்டோம். அம்மாவுக்குக் கால் வீக்கம் எதுவும் இல்ல. ஆனா காலையில இருந்து ரெண்டு வாழைப்பழம், ஒரு டீ, அவ்வளவுதான் உள்ள போயிருக்கு. எனக்கு அதுதான் கவலையா இருக்கு.

செல்வி அத்தை: புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் கட்டிக் குடுத்தேனே. சுகர் மாத்திரை போடுற ஆளை வெறும் வயித்தோட வைக்கலாமா கனி?

கனி: அது இருக்கிற பெட்டி நாளைக்குத்தான் வந்து சேருமாம் அத்தை.

பாண்டி அண்ணன்: அங்க வாட்ஸ்அப் ஓடாதும்பாங்களே?

கனி: நம்ம ஊர் சிம் ரோமிங்ல ஓடுதுண்ணே. ஓட்டல் வைஃபைக்கு மாத்துனா நின்னுபோகுது.

அண்ணி: மதியம் என்ன குடுத்தாங்க, அத்தை ஒண்ணுமே தொடலையா?

கனி: டிம் சம் கடைக்குப் போனோம் அண்ணி. சின்னச் சின்ன மூங்கில் கூடையில ஆவி பறக்க வருது. நம்ம கொழுக்கட்டை மாதிரி இருக்கேன்னு அம்மா ஆசையா ஒண்ணைத் திறந்தாங்க. உள்ள கோழிக்கால், விரலோட அப்படியே. நகத்தை வெட்டிட்டு, எண்ணெயில பொரிச்சு, ஊறவச்சு, புளிக்கவச்ச கறுப்பு சோயாவோட வேகவைப்பாங்களாம். நானும் இவரும் சாப்பிட்டோம், நல்லாவே இருந்துச்சு. அம்மா மூடியைத் திரும்ப மூடிட்டாங்க.

ராசு சித்தப்பா: பாம்பு, வௌவால்னு எதையும் விடமாட்டாங்கம்மா அவுங்க. பிள்ளைக்குப் பாத்துக் குடு.

தினேஷ் (சிங்கப்பூர்): சித்தப்பா, காட்டு விலங்கு சாப்பிடறதுக்கு அங்க 2020 பிப்ரவரியிலயே தடை போட்டாச்சு. அதுக்கு முன்னாடியும் எல்லா வீட்டுலயும் அதைச் சாப்பிட்டதில்ல. கனி, நாளைக்குக் காலையில பெரியம்மாவைக் கஞ்சிக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. குவாங்சோன்னாலே கஞ்சிதான்.

*புதன், குவாங்சோ*

கனி (காலை 9:05): அம்மா சாப்பிட்டாங்க! ரெண்டு கிண்ணம்!

கனி: ஓட்டலுக்குப் பின்னாடி சந்துல ஒரு சின்னக் கடை. அரிசி கரைஞ்சு, பால் மாதிரி வெள்ளையா, அப்படி ஒரு கஞ்சி. கூட வறுத்த வேர்க்கடலை, கடுகுக்கீரைத் தண்டு ஊறுகாய், எண்ணெயில பொரிச்ச நீட்டு ரொட்டி. போர்டுல ஆங்கிலத்துல ‘காஞ்ஜி’ன்னு எழுதியிருந்ததை நான் வாசிச்சேன். “கஞ்சியா?”ன்னு அம்மா கேட்ட குரலை நீங்க கேட்டிருக்கணும்.

தினேஷ்: அது நம்ம சொல்லுதான் கனி. நம்ம ஊர்ல இருந்து போர்த்துகீசியர் வழியா ஆங்கிலத்துக்குப் போனது. கஞ்சி அவுங்களோடதுதான், கான்டோனீஸ்ல ‘ஜுக்’னு சொல்வாங்க. ஆங்கிலத்துல அதுக்கு நம்ம பேரு நின்னுபோச்சு.

செல்வி அத்தை: முருகா. இப்பத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

கனி: [படம்] இதையும் பாருங்க. பக்கத்து மேசையில ஒரு பாட்டி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. அம்மா உத்துப் பாத்ததும் ஒரு துண்டை எடுத்து அம்மா கிண்ணத்துலயே வச்சிட்டாங்க.

அண்ணி: கறுப்பா கண்ணாடி மாதிரி இருக்கே, முட்டையா இது? கெட்டுப்போனதா?

தினேஷ்: பீடான். நூறு வருச முட்டைன்னு சும்மா சொல்றது. வாத்து முட்டையைச் சுண்ணாம்பு, சாம்பல், உப்பு, டீத்தூள் குழைச்ச சேத்துல பொதிஞ்சு சில வாரத்துல இருந்து மாசக்கணக்குல வைப்பாங்க. சுண்ணாம்போட காரம் ஓட்டு வழியா உள்ள இறங்கி, வெள்ளைக்கரு தேன் நிறத்துல கட்டியாயிடும், மஞ்சக்கரு பச்சையும் சாம்பலுமா குழைஞ்சிரும். அடுப்பே கிடையாது.

செல்வி அத்தை: அக்கா அதைத் தின்னுச்சா?

கனி: தின்னாங்க அத்தை. கண்ணை மூடிக்கிட்டு. அம்மா சொல்லச் சொல்ல டைப் பண்றேன்:

“செல்வி, அது கெட்டதில்ல. வாயில வச்சதும் மாட்டுத்தொழுவத்துல மூத்திரம் காஞ்ச மாதிரி ஒரு நெடி மூக்குல ஏறுச்சு. ஆனா உள்ள வெண்ணெய் மாதிரி கரையுது. கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்காரன் மோந்துட்டு என்ன சொல்லுவான்? நமக்கு அது மணம்தானே. அந்தம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். தன் கிண்ணத்துல இருந்து எடுத்து வச்சா. வேணாம்னு எப்படிச் சொல்றது?”

ராசு சித்தப்பா: மதினி சொல்றது சரிதான். எங்க அய்யா மழைக்கு வர்ற ஈசலைப் பிடிச்சு, றெக்கையைப் புடைச்சு, பொரியரிசியோட வறுத்துக் குடுப்பாரு. இன்னிக்கு என் பேரன் அதைப் பாத்தா ஓடிருவான். பாம்புன்னு நான் நேத்து எழுதினதைத் தப்பா எடுத்துக்காதம்மா கனி.

கனி: சேச்சே, அப்படியெல்லாம் இல்ல சித்தப்பா.

*வியாழன், செங்டு*

கனி (இரவு 10:20): ஹாட் பாட் முடிச்சுட்டு இப்பத்தான் வந்தோம். மேசையிலயே குழம்பு கொதிக்கும், நாமளே அதுல முக்கி வேகவச்சுச் சாப்பிடணும். இங்க வர்றவங்க இதைத் தெரிஞ்சுக்கணும்: சிவப்புக் குழம்புல வழக்கமா மாட்டுக் கொழுப்பு ஊத்துவாங்க. நாம மாடு சாப்பிடறதில்லங்கிறதால கடை வாசல்லயே மொழிபெயர்ப்பு ஆப்புல எழுதிக் காட்டி, தாவர எண்ணெய்க் குழம்பு கேட்டு வாங்கினோம். நடுவுல தடுப்பு வச்ச சட்டி. ஒரு பக்கம் சிவப்பு, மறு பக்கம் பிள்ளைக்குக் காரமில்லாத காளான் சாறு.

பாண்டி அண்ணன்: காரம் நம்ம அளவுக்கு இருந்துச்சா?

கனி: காரம் பெருசில்லண்ணே, மரத்துப்போறதுதான் பெருசு. மேல மிளகாயும், சிச்சுவான் மிளகுன்னு சொல்ற ஹுவாஜியாவும் ஆடை மாதிரி மிதக்குது. ரெண்டாவது வாய்க்கு உதடு துடிக்க ஆரம்பிச்சிருச்சு. தண்ணி குடிச்சா தண்ணியே புளிக்கிற மாதிரி இருக்கு.

தினேஷ்: அது மிளகு இல்ல, எலுமிச்சைக் குடும்பத்துச் செடியோட காய்த்தோல். விதையைத் தள்ளிட்டுத் தோலை மட்டும் எடுப்பாங்க. கொங்கணிக்காரங்க மீன் குழம்புல போடற திர்ஃபல் இதுக்குச் சொந்தம். 2013ல லண்டன்ல சோதிச்சுப் பாத்திருக்காங்க, உதட்டுல உண்டாகிற துடிப்பு நொடிக்கு 50 தடவைக்குப் பக்கமாம். மிளகாய்தான் அவுங்களுக்கும் நமக்கும் அமெரிக்காவுல இருந்து வந்தது. இது அந்த மண்ணுலயே காலங்காலமா இருக்கு.

அண்ணி: அத்தை அதுல என்ன சாப்பிட்டாங்க?

கனி: வாத்துக் குடலும் வாத்து ரத்தமும் அண்ணி. ரத்தத்தை உறையவச்சுத் தயிர்க்கட்டி மாதிரி வெட்டித் தர்றாங்க. அம்மா முகமே மலர்ந்துபோச்சு. “நம்ம ரத்தப் பொரியல், வெங்காயம் தேங்கா போடலை, அவ்வளவுதான்”னாங்க. குடலைக் குழம்புல முக்கிக் காட்டினது பரிமாற வந்த பொண்ணு. ஏழு தடவை தூக்கி, எட்டு தடவை அமுக்கணும். மொத்தம் பதினஞ்சு நொடி. அதுக்கு மேல விட்டா ரப்பர். எடுத்ததும் பூண்டு போட்ட நல்லெண்ணெய்ல தோய்க்கணும், காரத்தை அது தணிச்சிருது. அம்மா அந்தப் பொண்ணு கூடவே வாய்விட்டு எண்ணினாங்க. அவ சீனத்துல, அம்மா தமிழ்ல.

செல்வி அத்தை: பதினஞ்சு நொடியா! நான் குக்கர்ல ஆறு விசில் விடுறேன்.

கனி: குட்டிக்குத்தான் மனசு கஷ்டமாப்போச்சு. தெருவுல முயல் தலையை மசாலா போட்டு வரிசையா அடுக்கி வச்சிருந்தாங்க. செங்டுல அது ரொம்பப் பேரு போன பண்டம். பல்லோட பாத்ததும் அழுதுட்டா. அம்மா தூக்கி வச்சுக்கிட்டு, “உங்க தாத்தா ஆட்டுத்தலையை வாட்டும்போது உங்க அம்மாவும் இப்படித்தான் அழுதா”ன்னு சொன்னாங்க. எனக்கு அது ஞாபகமே இல்ல. அப்பா இருந்திருந்தா இந்தத் தெருவை விட்டு நகர்ந்திருக்கமாட்டாரு.

ராசு சித்தப்பா: அண்ணன் அந்தத் தலையை ஒண்ணு விடாம வாங்கியிருப்பாரு.

*வெள்ளி, செங்டு*

கனி (மதியம் 2:40): இன்னிக்கு அம்மா கவிச்சி தொடமாட்டாங்கன்னு வென்ஷு மடத்துக்குப் போனோம். பெரிய புத்த மடம், உள்ளயே சைவச் சாப்பாட்டுக் கடை இருக்கு. வெங்காயம், பூண்டு ரெண்டும் இல்லாத சமையல். பிக்குகளுக்கு அது ஆகாதாம்.

செல்வி அத்தை: நம்ம அமாவாசைச் சமையல் மாதிரியே!

கனி: ஆமா அத்தை. ஆனா தட்டுல வந்தது முழு மீன், செதிலோட. அம்மா பதறிப்போய் நாற்காலியைப் பின்னாடி தள்ளிட்டாங்க. வெட்டிப் பாத்தா உள்ள உருளைக்கிழங்கு மசியல். மேல தோலுக்குச் சோயாப் பாலேடு, பாலைக் காய்ச்சி மேல படியிறதை எடுத்துக் காயவைக்கிறது. முள்ளு மட்டும்தான் இல்ல.

அண்ணி: அத்தைக்குப் பிடிச்சுச்சா?

கனி: ருசி பிடிச்சுது. ஆனா “சைவம் சாப்பிட உக்காந்தவனுக்கு மீன் உருவம் எதுக்கு?”ன்னு கேட்டாங்க. எனக்கும் அதே கேள்விதான். கோழிக்காலை விட இதுதான் எனக்கு விநோதமா இருந்துச்சு.

பாண்டி அண்ணன்: ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு வந்துருவீங்கள்ல?

கனி: வந்துருவோம்ணே. அம்மா அத்தைக்குச் சொல்லச் சொல்றாங்க:

“செல்வி, ஞாயித்துக்கிழமை ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் பண்ணி வை. ஆட்டுக்குடலுக்குப் பதினஞ்சு நொடி பத்தாது, நீ ஆறு விசிலே விடு. தாளிப்பு மட்டும் எனக்கு விட்டுடு. அந்த மரத்துப்போற காய் அரைக்கிலோ வாங்கியிருக்கேன், நாலு தட்டிப் போட்டுப் பாக்கணும்.”

செல்வி அத்தை: அரைக்கிலோவா! சரிக்கா. குடலுக்கு இன்னிக்கே சொல்லி வைக்கிறேன்.