கூர்முனைச் சாய்வெழுத்து: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

வேனுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய கதை. எந்த மாதிரி எழுத்து என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்: தடித்து, முனைகள் வெட்டுப்பட்டு, வலப்புறம் சாய்ந்து ஓடுவது. வண்டியின் வலப்பக்கம் ஒட்டியதும் நின்ற இடத்திலேயே பாய்வதாகத் தோன்றியது. அப்புறம் இடப்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே வண்டியின் முகம் என் இடக்கைப் பக்கம், எழுத்தோ வலப்புறம் சாய்கிறது. பெயர் முழுக்கப் பின்சக்கரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது! இன்றும் சாலையில் எந்த வண்டி போனாலும் கண் முதலில் இடப்பக்கத்துக்குத்தான் போகிறது.

---

எனக்கு ஜெர்சி எண். அதே பாணி எழுத்து, 6-இன் மேல்வாயில் ஒரு கீறல் அளவுக்குத்தான் இடைவெளி. கோல் விழுந்ததும் ஒலிபெருக்கியில் 8 என்று அறிவித்துவிட்டார்கள். அடித்த பையன் மைதான நடுவில் நின்று முதுகைத் திருப்பி, விரலால் தன் எண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினான். அப்போதும் அங்கிருந்தவர்களுக்கு அது 8-ஆகத்தான் தெரிந்தது.

---

வேன்காரருக்கு: குறை எழுத்துருவில் இல்லை, இரண்டு பக்கத்துக்கும் ஒரே கோப்பைக் கொடுத்ததில் இருக்கிறது. இடப்பக்கத்துக்கு இடப்புறம் சாய்ந்த வடிவத்தைத் தனியாக வரைய வேண்டும்.

என் கதை சின்னது. ஒரு லோகோவில் ஆங்கில ‘ஏ’. நிமிர்ந்த போல்டு எழுத்தை மென்பொருளே சாய்த்திருந்தது. இடது கால் மெலிந்து, வலது கால் பருத்து, நொண்டிக்கொண்டு நின்றது. பெரிய திரையில் போட்டபோது வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அதனால் சொல்கிறேன், எழுத்துருக் குடும்பத்தில் இட்டாலிக், அதாவது சாய்வு வடிவம், தனியாக வரையப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இணையப் பக்கம் என்றால் அதன் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் ‘ஃபான்ட் சிந்தசிஸ்’ (font-synthesis) என்பதை ‘நன்’ (none) ஆக்கிவிடுங்கள், உலாவி போலிச் சாய்வு செய்யாது. தமிழுக்கு இன்னும் கவனம் வேண்டும். சாய்க்கும்போது உயரத்தில் இருப்பதுதான் அதிகம் நகரும். ‘க்’ மேலுள்ள புள்ளி அடுத்த எழுத்தின் தலைக்கு வந்துவிடும், இகர வளைவு பக்கத்து எழுத்தில் முட்டும். இடைவெளியைக் கூட்டுங்கள். தலைப்பு, எண், ஒற்றைச் சொல், அதற்கு மேல் வேண்டாம். பத்தி முழுக்கச் சாய்வெழுத்து கூடவே கூடாது. வாசிப்புக் குறைபாடு உள்ளவர்களுக்கான பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் தன் வழிகாட்டியிலேயே சாய்வெழுத்தைத் தவிர்க்கச் சொல்கிறது.

---

‘கூடவே கூடாது’ என்பதை நான் ஏற்கவில்லை. 1501-இல் வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸ் என்ற அச்சகக்காரர் ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை முழு நூலாகச் சாய்வெழுத்திலேயே அச்சிட்டார். அந்த அச்செழுத்தை உலோகத்தில் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அது பேனா ஓட்டத்தில் பிறந்த மெல்லிய எழுத்து, வாசிக்க வந்தது. நாம் பேசும் தடியெழுத்து தூரத்திலிருந்து பார்க்க வந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

என்னை உறுத்துவது வேறு. ஹெல்மெட்டில் வினைல் ஸ்டிக்கர் தாளை வெட்டி ஒட்டிய பெயர். ‘இசட்’டின் குறுங்கோண முனைகள் மட்டும் மழையில் கிளம்பி, அடியில் தூசி புகுந்து கறுத்துவிட்டன. சாய்க்கச் சாய்க்க அந்த முனைகள் இன்னும் கூராகின்றன, பசை பிடிக்க இடமே இல்லை. வெட்டக் கொடுக்கும் முன் அவற்றை மட்டும் அரை மில்லிமீட்டர் உருட்டச் சொல்லுங்கள். இரண்டடி தள்ளி நின்றால் உருட்டியது தெரியாது.