மறு: கத்தியில் இடும் ‘மேக்கர்ஸ் மார்க்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கத்தி செய்தவர் தன் அடையாளமாக அதில் இடும் குறிக்கு (மேக்கர்ஸ் மார்க்) தமிழ்ச்சொல் தேடும் இழை நீண்டுவிட்டது. எல்லாவற்றுக்கும் ஒரே மடலில் பதில் எழுதிவிடுகிறேன்.

> ‘கொல்லன் முத்திரை’ என்றே வைத்துவிடலாமே, அழகாக இருக்கிறதே!

அழகுதான். ஆனால் இன்று புதிதாகக் கத்தி செய்யப் பழகுகிறவர்களில் பலர் உலைப்பக்கமே போவதில்லை. எஃகுப் பட்டையை வாங்கி, வடிவத்துக்கு அறுத்து, பெல்ட் கிரைண்டரில் (ஓடும் உப்புத்தாள் பட்டையில்) தேய்த்தே கத்தியாக்கிவிடுகிறார்கள். அவர்களைக் கொல்லர் என்றால் சம்மட்டி பிடித்தவர்கள் சிரிப்பார்கள். ‘முத்திரை’யும் எனக்கு இடிக்கிறது. அழுத்திப் பதிப்பது என்ற பொருள் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. உப்புநீரும் மின்சாரமும் கொண்டு கரைத்து எடுத்த குறிக்கு அது பொருந்தாது.

> ‘பொறி’ இருக்க வேறு எதற்கு? புலிப்பொறி, விற்பொறி...

சேர சோழர்களுக்குச் சரி. கிரைண்டர் முன்னால் நிற்பவரிடம் ‘பொறி’ என்றால் தீப்பொறி என்று நினைத்து அவர் முதலில் பாதுகாப்புக் கண்ணாடியைத் தேடுவார்.

குறியின் பெயரையும் அதை இடும் முறையின் பெயரையும் நாம் கலந்துவிட்டதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஜப்பானிய வாள் செய்பவர், கைப்பிடிக்குள் மறையும் வால் பகுதியில் தன் பெயரை உளியால் வெட்டுவார். வாளின் அலகைப் போல அந்தப் பகுதி கடினமாக்கப்படுவதில்லை, அதனால் உளி இறங்கும். சிலர் ஊர்ப் பெயரையும் தேதியையும்கூடச் சேர்ப்பதுண்டு. அந்தக் குறிக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘மெய்’. (நம் மெய்க்கும் அதற்கும் உறவு தேடி யாரும் தனி இழை தொடங்கிவிடாதீர்கள், ப்ளீஸ்.) இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1624இல் நாடாளுமன்றச் சட்டப்படி ஏற்பட்ட கத்தி செய்வோர் கழகம், யாருக்கு எந்தக் குறி என்று பதிந்து வைத்தது. ஜெர்மனியின் ஸோலிங்கனில் ஸ்விலிங் என்ற கத்தி நிறுவனத்தின் இரட்டையர் சின்னம் 1731இல் பதிவானது. எப்படிப் பதித்தார்கள் என்பது அங்கெல்லாம் இரண்டாம் பட்சம். இது யார் கைவேலை என்று தெரிவதுதான் முதல் வேலை.

ஆகவே குறிக்கு என் முன்மொழிவு: பட்டறைக்குறி. லேத்துப் பட்டறை, வெல்டிங் பட்டறை என்று ஊரில் ஏற்கெனவே புழங்கும் சொல். உலை வைத்திருப்பவருக்கும் பொருந்தும், மொட்டைமாடியில் கிரைண்டர் போட்டிருப்பவருக்கும் பொருந்தும். ‘வணிகக்குறி’ (டிரேட்மார்க்) சட்டச் சொல், அதைத் தொட வேண்டாம்.

இனி முறைகள்.

> ஸ்டாம்ப்பிங், என்கிரேவிங், எட்சிங் மூன்றுக்கும் ‘பொறித்தல்’ போதாதா?

போதாது. புதிதாகக் கற்பவருக்கு இந்த மூன்றின் வேறுபாடுதான் முக்கியம். எதை எந்தக் கட்டத்தில் செய்வது என்பதே அதை வைத்துத்தான்.

எழுத்துப் பஞ்ச்சை (முனையில் எழுத்து உள்ள எஃகு அச்சு) வைத்துச் சுத்தியலால் அடிப்பதை எஃகைக் கடினமாக்கும் முன்பே செய்ய வேண்டும். காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய அலகில் அடித்தால் குறி விழாது, பஞ்ச்சின் முனைதான் உடையும். ஒரே அடியில் விழ வேண்டும். இரண்டாம் அடியில் பஞ்ச் கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகிவிடும். ஆழமான கூர்மூலைகள் தோய்க்கும்போது விரிசலுக்கு வழி விடும் என்பதால், வெட்டுவிளிம்பை விட்டு விலகி, தடிமனான அடிப்பகுதியில் அடிப்பது நல்லது. இதற்குக் குத்துக்குறி என்று சொல்லலாம்.

என்கிரேவிங்குக்குச் சொல் நம் பாத்திரக் கடைகளிலேயே இருக்கிறது. எவர்சில்வர் குடத்தில் ‘பேர் வெட்டித் தருவோம்’ என்கிறார்களே, அந்த வெட்டுதான். வெட்டுக்குறி. கையில் பிடிக்கும் மின் கருவியும் அதே இனம். கடினமாக்கிய எஃகில் சாதாரண முனை வழுக்கும், கார்பைடு முனை வேண்டும். கையெழுத்து நன்றாக இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது உத்தமம்.

எட்சிங்தான் தகராறு. ‘அரித்தல்’ நல்ல சொல்தான். ஆனால் மற்ற இரண்டைப் போல ‘அரிகுறி’ என்றால், படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்து ‘அறிகுறி’ என்று திருத்திவிடுவார். ‘மின்னரிப்பு’ என்றால் தோல் மருத்துவரிடம் போகச் சொல்வார்கள். துருவுக்கும் அரிப்பு என்றே சொல்கிறோம்.

நடப்பதைப் பார்த்தால் வேறு சொல் கிடைக்கிறது. மெருகேற்றிய அலகை அசிட்டோனால் துடைத்து, ஸ்டென்சில் (குறியின் வடிவம் மட்டும் வெட்டித் திறந்த ஒட்டுத்தாள்) ஒட்டி, 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை அலகோடு இணைக்க வேண்டும். எதிர்முனையில் உப்புநீரில் நனைத்த பஞ்சு. அதைச் சில விநாடிகள் வைத்து வைத்து எடுக்க, ஸ்டென்சில் திறந்துவிட்ட இடத்தில் மட்டும் உலோகம் கரைந்து பஞ்சுக்கு வரும். பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்தில் பள்ளம் விழும். கடைசியில், பேட்டரிக்குப் பதிலாக மாறுமின்னோட்டம் தரும் கருவியை இணைத்துச் சற்றுநேரம் கொடுத்தால் அந்தப் பள்ளம் கறுக்கும். பஞ்சுக்குள் இருக்கும் எதிர்முனைக் கிளிப் அலகில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். புகை வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்ததும் சோடா உப்புக் கரைசலால் கழுவி எண்ணெய் தடவாவிட்டால், குறியைச் சுற்றித் துரு பிடிக்கும்.

கரைகிறதல்லவா? எனவே மின்கரைப்பு. மின்சாரம் இல்லாமல் ஃபெர்ரிக் குளோரைடு ஊற்றிச் செய்வது வேதிக்கரைப்பு. ‘அமிலக் கரைப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கடைக்காரர் ஆசிட் என்று சொல்லித் தந்தாலும் அது ஓர் உப்பு. இரண்டிலும் கிடைப்பது கரைகுறி. தோய்த்து மெருகிட்ட பிறகு செய்வதால், அடித்துக் கெடுத்துவிடும் பயமில்லை. முதல் கத்திக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

> லேசருக்கு?

லேசர்க்குறி. அதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

ஸ்டென்சிலை அப்படியே விட்டிருக்கிறேன். ‘துளைத்தகடு’ என்று ஒரு யோசனை வந்திருந்தது. ஆனால் இங்கே பயன்படுவது பெரும்பாலும் வினைல் ஒட்டுத்தாள், தகடே இல்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள், விக்சனரியில் மற்றவற்றோடு சேர்த்தே ஏற்றலாம்.

அன்புடன்