கிளான்சாவுக்கு இரண்டரை அங்குல எக்ஸோஸ்ட்: கெட் இருக்கட்டுமா, எடுக்கட்டுமா?

கோண்டாவில்_91
வணக்கம் அண்ணைமார். என்னிடம் இருப்பது ஸ்டார்லெட் கிளான்சா வி, ஈபி91. 1331 சிசி, சிடி9 ரேர்போ, கொம்பனிக் கணக்கில் 135 குதிரைவலு. எஞ்சினிலும் அதை இயக்கும் கணினியான ஈசியுவிலும் யாரும் கை வைக்கவில்லை. பழைய பைப் நடுவில் துருப்பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பதால், ரேர்போவிலிருந்து கடைசி வரை இரண்டரை அங்குல ஸ்டெயின்லஸில் புதிதாக அடிக்க யோசிக்கிறேன். புகையைச் சுத்தமாக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டரை (கெட்) எடுத்துவிட்டு, கடைசியில் நேராக ஊடறுத்துப் போகும் சைலன்சர் ஒன்று மட்டும். வேலைநாளில் கோண்டாவிலிலிருந்து டவுனுக்கு, சனி ஞாயிறில் ஏ9 வழியே கிளிநொச்சிப் பக்கம் ஒரு ஓட்டம். பைப்பை வெட்ட முதல் உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.

புல்பூஸ்ட்
எல்லாவற்றையும் எடு தம்பி. ரேர்பைனை, அதாவது ரேர்போவுக்குள் கழிவு வாயு தள்ளும் சக்கரத்தை, சுற்ற வைப்பது அதன் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம். பின்னால் தடை குறையக் குறைய பூஸ்ட், அதாவது ரேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், சீக்கிரம் ஏறும். 25 வருடத்துக்கு மேல் ஓடிய கெட் உள்ளுக்குள் உருகி அடைத்தும் இருக்கலாம். சத்தத்துக்காகவும் கூச்சப்படாதே. கியர் மாற்றும்போது வரும் அந்த வெடிப்புக்காகத்தானே இப்படி ஒரு காரை வைத்திருக்கிறோம்? 2020 இல் மூடிய வாகன இறக்குமதியை 2025 இல் திறந்துவிட்டார்கள்தான், ஆனாலும் இந்தக் கார் இனி வரப்போவதில்லை. இருப்பதை முழுதாக அனுபவி.

ஒழுங்கை_வாசி
அனுபவிப்பது ஒருவர், கேட்பது ஊர். எங்கள் ஒழுங்கைகளில் இரண்டு பக்கமும் மதில். ஒரு கார் போனால் சத்தம் மதிலுக்கு மதில் அடித்துத் திரும்பி, கடைசி வீட்டு அறை வரைக்கும் போகும். விடிய எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஐடில் ஏறி நிற்கும், அந்த நேரம்தான் மிக மோசம். உயர்தரம் எடுக்கிற பிள்ளைகள் நாலு மணிக்கே எழும்பிப் படித்துவிட்டு கண்ணயர்கிற வேளை அது. டவுனுக்குள் போனால் ஆஸ்பத்திரி வீதி. திருவிழா 25 நாளும் நல்லூரைச் சுற்றிப் பாதை மாறும், அப்போது எல்லா வாகனமும் ஒழுங்கைக்குள்தான் வரும்.

சட்டமும் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் கிளீன் ஸ்ரீ லங்கா திட்டத்தோடு பொலிஸார் சத்தமான சைலன்சர்களைத் தேடிப் பிடிக்கத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். வருடா வருடம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். பெற்றோல் காரில் காபனோரொட்சைட்டும் எரியாத ஐதரோகாபனும் பார்க்கிறார்கள். அந்த இரண்டையும் எரித்து முடிப்பதே கெட்டின் வேலை. அதை எடுத்துவிட்டு எப்படிப் போவது?

புல்பூஸ்ட்
பரிசோதனைக்கு முதல் நாள் பழையதைப் பூட்டி, அடுத்த நாள் கழற்ற வேண்டியதுதான். கனபேர் அப்படித்தான் ஓடுகிறார்கள்.

ஆகன்_கை
நான் பைப் அடிக்கிற தொழிலில் இருப்பவன். சத்தத்தைப் பற்றிய சண்டையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எஞ்சினைப் பார்ப்போம்.

ரேர்பைன் பற்றிப் புல்பூஸ்ட் சொன்னது சரி. ஆனால் அதன் அடுத்த பாதி வரவில்லை. சிடி9 இல், மிஞ்சிய வாயுவை ரேர்பைனுக்குப் போகாமல் விலக்கி விடும் வேஸ்ட்கேட் ரேர்போவுக்குள்ளேயே இருக்கிறது, அதன் துவாரம் சிறியது. கொம்பனிப் பைப்பின் தடையையும் கணக்கில் எடுத்துத்தான் அந்த அளவு. பின்னால் முழுதாகத் திறந்துவிட்டால், வேஸ்ட்கேட் அகலத் திறந்த பிறகும் மிஞ்சிய வாயு அதற்குள்ளால் போக இடமில்லாமல் ரேர்பைனுக்குள்ளேயே பாயும். ஆர்பிஎம் ஏற ஏற பூஸ்ட் தன்பாட்டில் ஏறிக்கொண்டே போகும். இதைத்தான் பூஸ்ட் கிரீப் என்கிறோம். வேஸ்ட்கேட் ஏற்கனவே முழுதாகத் திறந்து நிற்பதால் பூஸ்ட் கொன்ட்ரோலரைத் திருகியும் பயனில்லை.

இந்த எஞ்சினின் ஈசியு, காற்றழுத்தம் அளக்கும் மப் சென்சாரால் பூஸ்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லை தாண்டியதும் எரிபொருளை ஒரேயடியாக நிறுத்தும். சாவகச்சேரி தாண்டி ஒரு பஸ்ஸை முந்துகிறீர்கள், எதிரே ஓட்டோ வருகிறது, கார் அந்த நேரம் மூக்கைக் குத்தி இழுபடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஆகவே தம்பி, முதலில் வாங்க வேண்டியது பூஸ்ட் கேஜ். பைப் அதற்குப் பிறகு.

புல்பூஸ்ட்
அதற்குத்தான் பியூவல் கட் டிஃபெண்டர் என்று ஒன்று விற்கிறது. சென்சார் வோல்ற்றை ஒரு அளவோடு மறித்துவிட்டால் ஈசியு நிறுத்தாது.

ஆகன்_கை
நிறுத்தாது. ஆனால் ஈசியு காணாத அந்தக் காற்றுக்கு யார் பெற்றோல் கொடுப்பது? ஸ்டொக் இன்ஜெக்டர், ஸ்டொக் பம்ப். கலவை மெலியும், கலவை தன்பாட்டில் வெடித்து எஞ்சின் நொக் அடிக்கும், பிஸ்டனில் ரிங் உட்காரும் வரம்பு உடையும். 4ஈ-எஃப்டிஈ எஞ்சினுக்கு இன்றைக்கு ஒரு நல்ல பிஸ்டன் செட் தேடிப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும். கொம்பனி போட்ட காவலை இப்படிக் குருடாக்குவதை நான் எந்த வாடிக்கையாளருக்கும் செய்து கொடுப்பதில்லை.

கழற்றிப் பூட்டுகிற கதைக்கும் ஒன்று. ஒவ்வொரு முறையும் கெஸ்கட் போகும், துருப்பிடித்த ஸ்டட் முறியும். ரேர்போவுக்கும் ஒக்சிஜன் சென்சாருக்கும் இடையில் மயிரிழை அளவு கசிவு வந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சார் அதைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்று பிழையாகச் சொல்லும், ஈசியு பெற்றோலைக் கூட்டும். பிறகு எரிபொருள் குடிக்கிறது என்று கராஜ் கராஜாக அலைவீர்கள்.

பி16_ரசிகன்
அண்ணை, ஒரு கேள்வி. எஞ்சினுக்குக் கொஞ்சம் பின்னழுத்தம் வேண்டும் என்றுதானே சொல்வார்கள்? என் சிவிக்கில் இரண்டு அங்குலத்தை எடுத்து இரண்டரை போட்டதும் கீழ் ஆர்பிஎம் இழுவை குறைந்தது உண்மை.

ஆகன்_கை
இழுவை குறைந்தது உண்மை, காரணம் வேறு. இரண்டு அங்குலத்திலிருந்து இரண்டரைக்குப் போனால் பைப்பின் குறுக்குப் பரப்பு 56 சதவீதம் கூடுகிறது. வாயுவின் வேகம் விழுகிறது. ரேர்போ இல்லாத எஞ்சினில், ஒரு சிலிண்டரிலிருந்து வேகமாய்ப் போகும் வாயு அடுத்த சிலிண்டரின் கழிவையும் சேர்த்து இழுத்துப் போகும். அந்த இழுவையைத்தான் நீங்கள் இழந்தீர்கள், அழுத்தத்தை இல்லை. 1600 சிசி சிவிக்குக்கு இரண்டு அல்லது இரண்டேகால் போதும்.

கிளான்சாவில் ரேர்பைன் தாண்டிய பிறகு, சிலிண்டர்களிலிருந்து விட்டுவிட்டு வரும் வாயுவின் துடிப்பு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. அதனால் இரண்டரை சரி. மூன்று அங்குலம் இந்த வலுவுக்குத் தேவையில்லை, வேகத்தடையில் உரசும்.

கோண்டாவில்_91
நன்றி அண்ணை. கெட்டையும் சைலன்சரையும் வைத்துக்கொண்டே வலு எடுக்க முடியுமா? எந்த ஸ்டெயின்லஸ்? ஏ9 இல் சீராகப் போகும்போது காதுக்குள் வரும் அந்த முழக்கத்துக்கு என்ன செய்வது?

ஆகன்_கை
முடியும். வலு கிடக்கும் இடம் ரேர்போவுக்குப் பிறகு வரும் முதல் அரை மீற்றர். அங்கே வாயு மிகச் சூடு, சுழன்றுகொண்டு வரும், வேஸ்ட்கேட் வாயுவும் அங்கேதான் வந்து மோதுகிறது. அந்த டவுன்பைப்பை வடிவாக அடித்தால் மாற்றத்தைக் காலிலேயே உணரலாம். அதற்குப் பின்னால் 200 செல் கெட் ஒன்று. கொம்பனிக் கெட்டுகளில் சதுர அங்குலத்துக்கு 400, 600 துளை இருக்கும். 200 இல் வாயு இலகுவாகப் போகும், புகைக்கும் வழி இருக்கும், அந்தச் சிறு தடை பூஸ்ட் கிரீப்பையும் கொஞ்சம் பிடிக்கும். பழைய கெட்டைக் கராஜில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் இருக்கின்றன, வாங்க ஆட்கள் இருக்கிறார்கள்.

ரேர்போவைக் கழற்றும் அன்றே வேஸ்ட்கேட் துவாரத்தையும் அகலப்படுத்திவிடுங்கள். தட்டு முழுதாக மூடும் அளவுக்கு விளிம்பு மிஞ்ச வேண்டும்.

பைப்புக்கு 304. பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கமும் ஆனையிறவுப் பக்கமும் அடிக்கடி ஓடுபவர் 316 ஐ யோசிக்கலாம், மொலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். 409 மலிவு, ஆனால் எங்கள் உப்புக்காற்றில் சீக்கிரம் மேல்துரு வரும். ஸ்டெயின்லஸ் சூட்டில் கனக்க நீளும். 3 மீற்றர் 304 பைப் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 15 மில்லிமீற்றர் நீளும். எஞ்சினுக்குப் பின்னால் வளையும் பிளெக்ஸ் பைப் இல்லாமலும், ரப்பர் ஹாங்கர் இல்லாமலும் அடித்தால் முதலில் வெடிப்பது வெல்டிங்தான்.

வளைவுகள் மண்ட்ரலில், அதாவது பைப்புக்குள் தாங்கு கட்டை வைத்து, வளைத்ததாக இருக்கட்டும். சும்மா அமத்தி வளைத்தால் உள்பக்கம் மடிப்பு விழும், இரண்டரை அங்குலம் அந்த இடத்தில் இரண்டாகிவிடும். வெல்டிங் செய்யும்போது பைப்புக்கு உள்ளேயும் ஆகன் வாயு விடுகிறார்களா என்று நின்று பாருங்கள். விடாவிட்டால் வெளியே வானவில் போல அழகாகத் தெரியும், உள்ளே கறுத்துப் பொருக்குத் தட்டியிருக்கும்.

முழக்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. நாலு சிலிண்டரில் 3000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹேர்ட்ஸ். ஒரு முனை மூடிய பக்கப் பைப்பை அந்த அலைநீளத்தின் காற்பங்கு நீளத்தில் ஒட்டினால், உள்ளே போய்த் திரும்பும் அலை முழக்கத்தை அடிக்கும். சுமார் 230 பாகை வாயுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு 450 மீற்றர் அளவில் இருக்கும். அந்தக் கணக்கில் 1.1 மீற்றர் வரும். ஆனால் பக்கப் பைப்பில் வாயு ஓடாமல் நிற்பதால் குளிர்ந்துவிடும், ஆகவே நீளம் அதைவிடக் குறையும். முதலில் பைப்பை அடித்து ஓட்டி, முழக்கம் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று போனில் அலைவரிசை பார்த்த பிறகே வெட்டுங்கள். நடுவில் சத்தத்தை அடக்கும் ரெசொனேட்டர் ஒன்று, கடைசியில் ஊடறுக்கும் பெரிய சைலன்சர். இரண்டும் சேர்ந்தாலும் வலுவில் பெரிதாக ஒன்றும் போகாது.

ஒழுங்கை_வாசி
இப்படி ஒரு கார் எங்கள் ஒழுங்கையால் போனால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.

புல்பூஸ்ட்
பூஸ்ட் கிரீப் விடயத்தில் ஆகன் அண்ணை சொல்வதை ஏற்கிறேன். டிஃபெண்டர் வேண்டாம். ஆனால் கெட் வேண்டாம் என்பதில் என் மனம் மாறவில்லை. துவாரத்தை ஒழுங்காக அகலப்படுத்தினால் கெட் இல்லாமலும் பூஸ்டைப் பிடிக்கலாம். தம்பி, கெட்டுக்கு இரண்டு பக்கமும் போல்ட் போட்டுப் பூட்டும் பிளாஞ்ச் வைத்து அடி. இன்னொரு நாள் மனம் மாறினால் வெட்டத் தேவையில்லை.

கோண்டாவில்_91
முடிவு எடுத்துவிட்டேன். முதலில் கேஜ். இந்த மாதம் பழைய பைப்போடு ஓடி பூஸ்ட் எங்கே நிற்கிறது என்று எழுதி வைக்கிறேன். பிறகு துவாரம், டவுன்பைப், 200 செல் கெட், ரெசொனேட்டர். பிளாஞ்ச் வைப்பேன், கெட்டைப் பிற்காலத்தில் மாற்ற இலகு என்பதற்காக மட்டும். ஒக்சிஜன் சென்சார் நட்டை எங்கே ஒட்டச் சொல்வது?

ஆகன்_கை
வேஸ்ட்கேட் வாயு முழுதாகக் கலந்த பிறகு, கெட்டுக்கு முன்னால். பைப்பை மணிக்கூட்டு முகமாக நினைத்தால் 10 மணிக்கும் 2 மணிக்கும் இடையில், மேல்பாதியில். கீழ்ப்பாதியில் வைத்தால் விடிய ஸ்டார்ட் செய்யும்போது பைப்பில் தேங்கும் தண்ணீர் பட்டு சென்சாரின் செரமிக் வெடிக்கும். வயர் எட்டுகிறதா என்று ஒட்டுவதற்கு முதல் ஒருமுறை பிடித்துப் பாருங்கள்.